வரதராஜா அண்ணையும் இருபத்தைந்தாம் பிரிவும்

இந்த வருட மன்ற மலருக்கு என்னிடம் கேட்ட கட்டுரையின் தலைப்பு ‘அமெரிக்க சனாதிபதி முறை: தோற்றமும் வளர்ச்சியும்’. போன வருடம் இலங்கைக்கும் முழு அதிகாரத்தோடு ஒரு சனாதிபதி வந்துவிட்டதால் எங்கள் ஆட்களுக்கு இந்த விஷயத்தில் திடீர் அக்கறை பிறந்திருக்கிறது. “மாஸ்ரர், இதுக்கு உங்களை விட்டால் மெல்பேர்னிலை வேறை ஆர் இருக்கினம்?” என்று செயலாளர் சிவமணி தொலைபேசியில் கேட்டார். அதைக் கேட்டு எனக்கு உள்ளம் குளிர்ந்தது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஏழு வருடமாக இங்கே ஆறாம் படிவ மாணவர்களுக்கு அமெரிக்க வரலாறு படிப்பிக்கிறவன் நான். வாஷிங்டனில் தொடங்கி இன்றைக்கு இருப்பவர் வரை புத்தகம் பார்க்காமல் வரிசையாகச் சொல்வேன். சச்சிதானந்தன் என்ற என் பெயர் பலருக்கு மறந்துபோய், ‘பிரசிடென்ற் மாஸ்ரர்’ என்பதே நிலைத்துவிட்டது.

ஆனால் எழுத உட்கார்ந்தால் வாஷிங்டன் வரவில்லை. வரதராஜா அண்ணைதான் வந்து நின்றார். அவரைத் தள்ளிவைத்துவிட்டு எழுதிப் பார்த்தேன், முடியவில்லை. ஆகவே சிவமணி, கட்டுரை இதுதான். போடுவதானால் முழுதாகப் போடுங்கள். வெட்டி ஒட்டி என்னை நல்லவனாக்க வேண்டாம்.

வரதராஜா பெரிய மனிதர் இல்லை. இலங்கையில் ரயில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். மனைவி கமலினி அக்கா தாதி. எழுபதாம் ஆண்டு அவருக்கு மெல்பேர்ன் ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை கிடைத்தபோது இவரும் கூட வந்தார். வந்த இடத்தில் அறுபத்தொன்பதாம் இலக்க ட்ராமில் கொண்டக்டர் ஆனார். கியூவில் கோத்தம் றோட்டில் புறப்பட்டு, கிளென்பெரி றோட் நெடுக இறங்கி, சென்ற் கில்டா கடற்கரை வரை போகிற ட்ராம் அது. அண்ணைக்கு நல்ல குரல். அடுத்த தரிப்பின் பெயரை அவர் கூப்பிடும்போது வெள்ளைக்காரக் கிழவிகள் நிமிர்ந்து பார்த்துச் சிரிப்பார்கள். அண்ணைக்கும் அக்காவுக்கும் பிள்ளைகள் இல்லை. அந்த ட்ராமும் அதில் ஏறுகிற ஆட்களும்தான் அவருடைய உலகம்.

யாழ்ப்பாணத்தார் இருவர் எங்கே சந்தித்தாலும் முதற்கேள்வி “நீங்கள் எவடம்?” என்பதுதான். ஊரைச் சொன்னால் போதும், மிச்சத்தை எல்லாம் கேட்டவர் தன் மனதுக்குள்ளே கணித்துக்கொள்வார்: என்ன ஆட்கள், யாருக்குச் சொந்தம், எந்தக் கோயிலடி என்று. வரதராஜா அண்ணையும் அதே கேள்வியைத்தான் கேட்டார். ஆனால் அவருக்கு வேண்டியது வேறு.

எழுபத்திரண்டாம் ஆண்டு ஜூன் மாதம், நல்ல மழை. நான் இந்த நாட்டுக்கு வந்து மூன்று மாதம். அந்த மூன்று மாதமும் ஒருவரோடும் தமிழ் கதைக்கவில்லை. றிவர்ஸ்டேல் றோட் தரிப்பில் நனைந்த கோழியாக ட்ராமில் ஏறினேன். கையில் பாடசாலை நூலகத்தில் எடுத்த தடித்த அமெரிக்க வரலாற்றுப் புத்தகம், அட்டை கழன்று தண்ணீர் சொட்டியது. கொண்டக்டர் என்னை ஒரு பார்வை பார்த்தார். ஒன்றும் கேட்காமல் புத்தகத்தை வாங்கித் தன் கோட்டுக்குள்ளே நெஞ்சோடு வைத்துப் பொத்தானைப் பூட்டினார். பிறகுதான் “எவடம்?” என்றார்.

ஊரைச் சொன்னேன். “அதில்லைத் தம்பி. இஞ்சை எவடம்? எந்தத் தரிப்பு?” என்றார். சொன்னதும் சட்டைப் பையிலிருந்து சின்னக் கொப்பி ஒன்றை எடுத்து என் பெயரை எழுதி, பக்கத்தில் றிவர்ஸ்டேல் றோட் என்று குறித்துக்கொண்டார். ஊரைக் குறிக்கவில்லை. அன்று பின்னேரமே அவரும் அக்காவும் சோறும் கத்தரிக்காய்க் குழம்பும் கட்டிக்கொண்டு என் அறைக்கு வந்துவிட்டார்கள். புத்தகமும் காய்ந்து வந்தது. நான் குழம்பைத் தொட்டதும் அழுதேன். அவர் பார்க்காததுபோல யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்படித்தான் முப்பத்துமூன்று குடும்பங்களை அவர் பொறுக்கி எடுத்தார். எல்லாம் அந்தத் தடத்தில் ஏறி இறங்கியவை. தமிழ்நாட்டிலிருந்து வந்த என்ஜினியர் சேஷாத்ரிக்கு “எவடம்” என்ற சொல்லே விளங்காமல், ஏதோ அபராதம் கேட்கிறார் என்று பயந்து டிக்கெட்டை நீட்டினாராம். அவரும் கொப்பியில் ஏறினார், ஹை ஸ்ட்ரீட் என்று. எழுபத்துநாலாம் ஆண்டு மல்வேர்னில் ஒரு தேவாலய மண்டபத்தை வாடகைக்கு எடுத்து மன்றத்தைத் தொடங்கியபோது, தலைவர் யார் என்ற கேள்வியே எழவில்லை. எல்லாரும் அவரைத்தான் பார்த்தார்கள். உபதலைவர் நான்.

இனி என் புராணம். யாப்பு எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. இலங்கைத் தமிழர் ஒரு சங்கம் தொடங்கினால் முதலில் யாப்பு வேண்டும். விதிகளுக்கு நாங்கள் வைத்த பெயர் அது. அது சரியாக அந்த ஆகஸ்ட் மாதம். அமெரிக்காவில் சனாதிபதி பதவி விலகி, மக்கள் ஒருபோதும் அந்தப் பதவிக்கோ உபசனாதிபதிப் பதவிக்கோ தெரிந்தெடுக்காத ஒருவர் சனாதிபதியாகியிருந்தார். அது எப்படி நடக்கும் என்று வீடு வீடாக என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். தேநீரும் வடையும் வரும். நான் கதிரை நுனிக்கு வந்து தொடங்குவேன்.

அரசன் வேண்டாம் என்று சண்டை பிடித்தவர்கள், அரசன் இல்லாமலும் இருக்க முடியாமல், நாலு வருட அரசன் ஒருவனைக் கண்டுபிடித்த கதையைச் சொல்வேன். அவன் கையைக் கட்ட ஒரு பாராளுமன்றம், அதன் கையைக் கட்ட அவனுக்கு ஒரு மறுப்பதிகாரம், இரண்டுக்கும் மேலே நீதிமன்றம். வாஷிங்டன் இரண்டு தவணையோடு வீட்டுக்குப் போனதால் அதுவே வழக்கமானது. நூற்றைம்பது வருடம் எழுதாமலே காப்பாற்றிய வழக்கத்தை ரூஸ்வெல்ட் நாலு தரம் வென்று உடைக்க, பிறகு அதைச் சட்டமாகவே எழுதினார்கள். 1841இல் ஹரிசன் பதவியேற்று ஒரு மாதத்தில் செத்துப்போக, உபசனாதிபதி டைலர் வந்தார். அவர் முழுச் சனாதிபதியா, இடத்துக்கு நிற்கிற பதில் சனாதிபதியா என்று யாப்பில் தெளிவாக இல்லை. டைலர் ஒரு வேலை செய்தார். ‘பதில்’ என்று விலாசமிட்டு வந்த கடிதங்களை உடைக்காமலே திருப்பி அனுப்பினார். அதோடு கதை முடிந்தது. இந்த இடத்தில் எல்லாரும் சிரிப்பார்கள், எனக்கு இன்னொரு வடை வரும்.

வில்சன் கதையையும் சொல்வேன். 1919இல் அவருக்குப் பாரிசவாதம் வந்து படுத்துவிட்டார். மனைவி கதவைச் சாத்திக்கொண்டு, உள்ளே எது போகலாம், வெளியே எது வரலாம் என்று தானே தீர்மானித்தாள். மந்திரிமாருக்குக்கூட அவரைப் பார்க்கக் கிடைக்கவில்லை. சனாதிபதி உயிரோடு இருந்தும் இயங்க முடியாவிட்டால் என்ன செய்வது என்ற கேள்விக்கு 1967 வரை பதில் இல்லை. அந்த வருடம்தான் இருபத்தைந்தாம் திருத்தம் வந்தது. உபசனாதிபதியும் மந்திரிமாரில் பெரும்பான்மையும் கடிதம் எழுதினால் போதும், அதிகாரம் உடனே உபசனாதிபதிக்கு. சனாதிபதி ‘எனக்கு ஒரு குறையும் இல்லை’ என்று பதிற்கடிதம் எழுதித் திரும்ப வரலாம். நாலு நாளுக்குள் இவர்கள் மறுபடி மறுத்தால் இரண்டு சபையும் கூடும். மூன்றில் இரண்டு பங்கு வாக்கு விழுந்தால்தான் அவர் வெளியே.

இதை அப்படியே எங்கள் யாப்பில் எழுதினேன். எங்கள் யாப்பில் மொத்தம் பதினெட்டுப் பிரிவுதான். ஆனால் இந்தப் பிரிவுக்கு இருபத்தைந்து என்றுதான் இலக்கமிட வேண்டும் என்று அடம்பிடித்தேன். பதினேழுக்குப் பிறகு நேரே இருபத்தைந்து. முப்பத்துமூன்று குடும்பங்களும் ஒரு பொங்கற்பானையும் உள்ள மன்றத்துக்கு இது எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. வரதராஜா அண்ணை மட்டும் வாசித்துவிட்டு, “தம்பி நல்லாப் படிச்சிருக்கிறியள்” என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

எழுபத்தைந்து ஜூலை, குளிர் கடுமையான ஒரு காலையில், ட்ராம் மிதிபலகையில் ஏறப்போனவர் அப்படியே சரிந்தார். வலது கை, வலது கால், வாயில் ஒரு பக்கம் போயின. சொற்களும் போயின. ஆள் அறிவார், சொன்னது விளங்கும், சிரிப்பார், ஆனால் பெயரோ பேச்சோ வராது. வேலை போய்விட்டது. வீட்டுக்கு வந்துபோன ஆட்களும் மெல்ல மெல்லக் குறைந்தார்கள். என்ன கதைப்பது என்று தெரியாமல் நானும் இரண்டு வாரத்துக்கொரு தரம் போவதை மாதத்துக்கொரு தரம் ஆக்கினேன்.

மன்றக் கூட்டங்களுக்கு அக்கா வந்து, “அவர் இப்பிடிச் சொல்லச் சொன்னவர்” என்று சொல்வார். பேச்சே இல்லாதவரால் எப்படிச் சொல்ல முடியும்? அவர்களுக்குள் தலையாட்டலிலும் கண்ணிலும் ஏதோ ஒரு பாஷை இருந்திருக்க வேண்டும். நான் அதை யோசிக்கவில்லை. அக்கா போனபின் “எங்கடை மிஸிஸ் வில்சன் கட்டளை தந்திட்டுப் போறா” என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அந்தப் பட்டம் ஊரெல்லாம் பரவி அக்காவின் காதுக்கும் போனதாக அறிந்தேன். அறிந்த பிறகும் இரண்டு தரம் சொன்னேன்.

ஒக்டோபரில் அவர்கள் வீட்டுக்குப் போனபோது அக்கா என்னைக் குசினிக்குள் கூப்பிட்டார். தை மாதம் பொங்கல் விழா வரும், அதில் தலைவர் வரவேற்புரை இரண்டு வரி சொல்லட்டும் என்றார். “அதுக்காண்டித்தான் மாஸ்ரர் விடிய எழும்புறார். எழும்பி இருந்து, வணக்கம், எல்லாரும் வாங்கோ எண்டு ஒரு மணித்தியாலம் சொல்லிப் பழகிறார். சில நாளைக்கு வருது. அந்தத் தலைவர் கதிரையும் இல்லையெண்டால் அவருக்குப் பிறகு ஒண்டும் இல்லை.” பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண்ணும், ஆட்களுக்கு நடுவில் அவருக்கு ஒரு வேலை இருக்க வேண்டும் என்று சொன்னாளாம். நான் பார்ப்போம் என்றேன்.

நான் என்ன பார்த்தேன் என்றால், அந்த விழாவுக்கு வரவிருந்த மேயரைப் பார்த்தேன். என் பாடசாலை அதிபரும் மனைவியும் வரச் சம்மதித்திருந்தார்கள். முன்வரிசையில் அவர்கள் இருக்க, மேடையில் எங்கள் தலைவர் என்று ஒருவர் வாய் கோணி, எச்சில் வடிய, இரண்டு சொல்லுக்குத் திண்டாடுவதை நினைத்து எனக்கு வெட்கமாக இருந்தது. வெள்ளைக்காரருக்கு முன்னால் அவரைப் பற்றி வெட்கப்பட்டேன். என் கோட்டை, என் ஆங்கிலத்தை, என் வாஷிங்டனை அவர்கள் பார்க்க வேண்டும் என்று விரும்பினேன். மனநிலை இதுதான். மற்றதெல்லாம் சட்டம்.

நவம்பர் பதினோராம் திகதி இந்த நாட்டு ஆளுநர் நாயகம் ஒரு கடிதத்தை நீட்டிப் பிரதமரை வீட்டுக்கு அனுப்பினார். ஆசிரியர் ஓய்வறையில் மேசையைத் தட்டிக் கத்தியவன் நான். மக்கள் தெரிந்தெடுத்த ஆளை ஒரு கடிதத்தால் விலக்குவதா, இது என்ன நாடு என்று கேட்டேன். தொண்டை கட்டும் வரை கத்தினேன். மூன்று வாரம் கழித்து, டிசம்பர் முதலாம் திகதி, அதே கையால் என் கடிதத்தை எழுதினேன்.

செயற்குழுவில் தலைவர் போக ஆறு பேர். ஐந்து பேர் கையெழுத்திட்டோம். சேஷாத்ரி பேனாவைத் தொடவில்லை. “சார், அவரு பேச முடியலன்னா நாம கொஞ்சம் காத்திருந்தா என்ன குறைஞ்சு போயிடும்?” என்று மட்டும் கேட்டார். நான் அவருக்கு வில்சன் காலத்து நாட்டின் நிலையை விளக்கினேன்.

கடிதத்தில் ஒரு சொல்லைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஆங்கிலத்தில் அந்தப் பிரிவு, பதவியின் கடமைகளை ஆற்ற முடியாத நிலை என்று நீட்டி, ஆளைத் தொடாமல் பேசும். நான் யாப்பை எழுதும்போது தமிழில் சுருக்கமாக, கம்பீரமாக இருக்கட்டும் என்று ‘இயலாதவர்’ என்று போட்டிருந்தேன். அப்போது அது வெறும் சட்டச் சொல்லாகத்தான் எனக்குப் பட்டது. அதைப் பேச்சில் ஏலாதவர் என்போம்; யாழ்ப்பாணத்தில் ஏலாதவர் என்றால் யார் என்று எந்தப் பிள்ளைக்கும் தெரியும். படுக்கையில் கிடப்பவர், கழிவறைக்குப் பிறர் தூக்கிப்போக வேண்டியவர். ‘மன்றத் தலைவர் திரு. வரதராஜா இயலாதவர் என இத்தால் பிரகடனம் செய்கிறோம்’ என்று என் முத்து முத்தான கையெழுத்தில் எழுதித் தபாலில் போட்டேன். அவருக்கு வாசிக்க முடியாது. அக்காதான் அவருக்கு எதிரே இருந்து அதை வாசித்துக் காட்டியிருக்க வேண்டும்.

ஐந்தாம் நாள் பதில் வந்தது. ஒரு முழுத்தாளில், குறுக்கும் மறுக்குமாக, இடது கையால் எழுதிய பெரிய எழுத்துகள். ‘ஏலும்.’ கீழே ஒரு ‘வ’. அவ்வளவுதான்.

இதற்குப் பிறகாவது நான் நிறுத்தியிருக்கலாம். எனக்குக் கோபம் வந்தது. பேச்சுத் தமிழில் எழுதிய ஒற்றைச் சொல் எப்படி ஒரு பிரகடனம் ஆகும் என்று கேட்டேன். அதிலும் கேவலமாக, இது அவர் எழுத்து என்று எதை வைத்து நம்புவது, மிஸிஸ் வில்சன் இடது கையால் எழுதியிருக்கமாட்டாவா என்று செயற்குழுவில் சொன்னேன். நாலு நாளுக்குள் மறுப்புக் கடிதம் போனது. டிசம்பர் இருபத்தோராம் திகதி ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் மூன்று மணிக்குப் பொதுக்கூட்டம். எல்லாம் திருத்தம் சொல்கிறபடி, ஒரு நாள் பிசகாமல்.

அன்று கொதிக்கிற வெயில். மண்டபத்துக்கு முப்பது குடும்பங்கள் வந்திருந்தன, குடும்பத்துக்கு ஒரு வாக்கு. விலக்க இருபது வேண்டும். நான் மேசைக்குப் பின்னால் இருந்தேன். வரதராஜா அண்ணை கல்யாணத்துக்குப் போடுகிற கோட்டைப் போட்டு, அக்காவின் தோளைப் பிடித்து, காலை இழுத்து இழுத்து வந்தார். அவருக்கு ஐந்து நிமிடம் தரப்படும், தலைவராக இருக்க இயலும் என்று அவர் காட்டலாம் என்று அறிவித்தேன். அப்படித்தான் சொன்னேன், ‘காட்டலாம்’ என்று.

அவர் எழுந்து முன்னாலிருந்த கதிரையின் முதுகை இடது கையால் பிடித்துக்கொண்டார். வாய் திறந்து மூடித் திறந்தது. வணக்கம் வரும் என்று அக்கா பார்த்துக்கொண்டிருந்தார். வரவில்லை. முன்வரிசையின் இடது கோடியைப் பார்த்தார். பார்த்துவிட்டு, பழைய கொண்டக்டர் குரலில், பிசிறில்லாமல், “வாற்றில்ட்றீ றோட்” என்றார்.

ஒருவருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. அவர் அடுத்த கதிரைக்குத் திரும்பினார். “பார்க்கர்ஸ் றோட்.” அடுத்ததற்கு, “டண்டினோங் றோட்.” பின்னால் ஒருவர் களுக்கென்று சிரித்தார். “கோத்தம் றோட்.” சிரிப்பு பரவியது. ட்ராம் தடம் மாறி ஓடுது என்று யாரோ சொல்ல, கைக்குட்டையால் வாயைப் பொத்தினார்கள்.

நானும் சிரித்தேன், கொஞ்சம். ஆனால் மூன்று வருடம் அந்த ட்ராமில் போனவன் நான். தரிப்புகளின் ஒழுங்கு எனக்கு மனப்பாடம். பார்க்கர்ஸ் றோட்டும் கோத்தம் றோட்டும் கியூ பக்கம், டண்டினோங் றோட் அதற்கு எவ்வளவோ தெற்கே. எந்த ட்ராமும் இப்படிப் பாய்ந்து பாய்ந்து ஓடாது. இது வீதியின் ஒழுங்கு இல்லை. பிறகு அவர் கண்ணைப் பார்த்தேன். கதிரை கதிரையாக, ஆள் ஆளாகப் பார்த்துச் சொல்லிக்கொண்டு போகிறார். சேஷாத்ரிக்கு வந்தபோது “ஹை ஸ்ட்ரீட்” என்றார். சேஷாத்ரி சிரிக்கவில்லை, தலையைக் குனிந்துகொண்டார்.

அவருக்கு எங்கள் ஒருவருடைய பெயரும் வராது. எவடம் என்பது மட்டும் வரும். முப்பது பேரையும் எந்தத் தரிப்பில் கண்டெடுத்தார் என்று ஒருவர் தப்பாமல் சொல்லிக்கொண்டிருந்தார். தலைவராக இருக்க இயலும் என்று அவர் அப்படிக் காட்டினார்.

இரண்டாம் வரிசையின் நடுவில் நிறுத்தி, திரும்பி, மேசையில் இருந்த என்னைப் பார்த்தார். பாதி வாயால் சிரித்தார். “றிவர்ஸ்டேல் றோட்,” என்றார். சொல்லிவிட்டு இடது கையைக் கதிரையிலிருந்து எடுத்து, தள்ளாடிக்கொண்டே, கோட்டுக்கு மேலே நெஞ்சில் வைத்தார். என் புத்தகத்தை வைத்த அதே இடம்.

எனக்கு விளங்கியது. ஒரு வசனம் போதும், எழுந்து நின்று, இவர் சொல்வது என்னவென்று தெரியுமோ என்று கேட்டால் போதும், அந்த மண்டபமே எழுந்திருக்கும். மேயர் நினைவுக்கு வந்தார். கடிதத்தின் கீழே இருந்த என் கையெழுத்தும் நினைவுக்கு வந்தது. நான் கைக்கடிகாரத்தைப் பார்த்து, “ஐந்து நிமிஷம் முடிஞ்சுது. இனி வாக்கெடுப்பு,” என்றேன். இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்கவில்லை.

அவர் இருக்கவில்லை. பின்வரிசைகளுக்கு இன்னும் சொல்லி முடியவில்லை. நின்றபடியே இருந்தார். பத்தொன்பது கைகள் உயர்ந்தன. இருபதாவது கை என்னுடையது.

பொங்கல் விழா நன்றாக நடந்தது. மேயர் என் ஆங்கிலத்தைப் பாராட்டினார். அழைப்பிதழில் சிவமணி ‘பதில் தலைவர்’ என்று அச்சடிக்கக் கொடுத்திருந்ததைப் பார்த்து, பதிலை வெட்டு என்று சிவப்பு மையால் கீறித் திருப்பி அனுப்பினேன். நான் எழுதிய பிரிவே ‘பதில்’ என்றுதான் சொல்கிறது. ஆனால் எனக்கு அப்போது டைலர்தான் பிடித்திருந்தார்.

மாசி மாதம் ஒரு பின்னேரம், நான் பாடசாலையால் வந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தபோது கமலினி அக்கா வந்தார். உறுப்பினர் விலாசங்கள் மன்றத்தின் சொத்து என்று செயலாளர் எழுதியிருந்தார், அதைத் தர வந்தாராம். அந்தச் சின்னக் கொப்பியை மேசையில் வைத்தார். கதிரையில் இருக்கச் சொன்னேன், இருக்கவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் கொப்பியைப் புரட்டினேன். முன்பக்கங்களில் பெயர்கள், தரிப்புகள். பின்பக்கங்கள் முழுக்க ஒரே சொல், கோணல்மாணலாக, சில இடங்களில் தாள் கிழியும்படி அழுத்தி: ஏலும், ஏலும், ஏலும். எத்தனை பக்கம் என்று நான் பார்க்கவில்லை.

“மாஸ்ரர், ஒண்டு கேக்கவேணும்,” என்றார் அக்கா. “அண்டைக்கு அவர் கூட்டத்திலை சொன்னது என்னெண்டு ஆருக்கேனும் விளங்கினதோ? எனக்கே வீட்டை போய்க் கொப்பியைப் பாத்தாப் பிறகுதான் விளங்கினது. அவர் ஒவ்வொரு நாளும் என்ரை முகத்தைப் பாத்துக் கேக்கிறமாதிரி இருக்கு. ஒருதருக்கெண்டாலும் விளங்கினதெண்டால் அவருக்கு அதுவே காணும். நீங்கள்தான் நேரை இருந்தனீங்கள்.”

விளங்கியது என்றால், விளங்கிய பிறகும் கை தூக்கினேன் என்றாகும். அதை அந்த மனுஷியின் முகத்துக்கு நேரே சொல்ல எனக்குத் துணிவில்லை.

“இல்லை அக்கா,” என்றேன். “ஒருதருக்கும் விளங்கேல்லை.”

அக்கா, சரி, போட்டு வாறன் என்று சொல்லி, ட்ராம் பிடிக்கப் போய்விட்டார். அதை அவர் அண்ணையிடம் சொல்லியிருக்கிறார். ஒளித்துப் பழக்கமில்லாத மனுஷி. அதற்குப் பிறகு அண்ணை விடிய எழும்பிப் பழகுவதை விட்டுவிட்டார் என்று சேஷாத்ரி ஒருநாள் ட்ராமில் வைத்துச் சொன்னார். இரண்டு வருடம் கட்டிலோடு கிடந்து, எழுபத்தெட்டு சித்திரையில் போய்ச் சேர்ந்தார். கடைசியில் நான் எழுதிய சொல் உண்மையாகிவிட்டது. செத்த வீட்டில் தலைவர் என்ற முறையில் நான் இரங்கலுரை வாசித்தேன். ஆறு நிமிடம் பேசினேன், ஒருவரும் கைக்கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

கேட்ட தலைப்புக்கு ஒரு வரியாவது எழுத வேண்டும் அல்லவா? எழுதுகிறேன். இருபத்தைந்தாம் திருத்தத்தின் அந்தப் பிரிவை இன்றுவரை அமெரிக்காவில் ஒருவரும் பாவித்ததில்லை. அவ்வளவு அதிகாரம் உள்ள நாட்டில், பொல்லாதவர்களுக்குக் குறைவில்லாத நாட்டில், உயிரோடு இருக்கிற ஒரு மனிதனைப் பார்த்து இயலாதவன் என்று எழுதிக் கையெழுத்துப் போட இன்னும் ஒருவருக்கும் மனம் வரவில்லை. பாவித்தது மல்வேர்ன் தமிழ் மன்றம். எழுதியவன் நான்.

மன்ற மலர் இப்போதும் அக்காவின் விலாசத்துக்குத் தபாலில் போகிறது. அவர் முதலிலிருந்து கடைசிவரை வாசிப்பார் என்று தெரியும். அவருக்காகத்தான் வெட்ட வேண்டாம் என்று சிவமணியிடம் கேட்டேன்.

அக்கா, அண்டைக்கு நான் உங்களுக்குப் பொய் சொன்னனான். எனக்கு விளங்கினது.